முழிச்சிருக்கேன் அண்ணாச்சியின் இமைக் கோடு

வேலை நேரத்தில் தூங்கித் திட்டு வாங்கியவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. ஒரு பொட்டுக்கூடத் தூங்காமல், தூங்கியதாகவே வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் முழிச்சிருக்கேன் அண்ணாச்சி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்புவது. நான் பில் போடுகிறவன். அண்ணாச்சி டெஸ்பாட்ச். எங்கெங்கோ அடிபட்டுக் கிடப்பவர்களின் காயத்தைச் சுற்றப்போகும் துணியெல்லாம் அண்ணாச்சியின் கண் பார்வையில்தான் லாரி ஏறும். அந்தக் கண்தான் பிரச்சினை.

மேல் இமைகள் இரண்டும், கடை சாத்தும் நேரத்து ஷட்டர்போலப் பாதி இறங்கி நிற்கும். கடைக்காரர் உள்ளே இருக்கிறாரா, வீட்டுக்குப் போய்விட்டாரா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டு, "ஸ்டாக் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"என்ன அண்ணாச்சி, தூங்கிட்டியளா?"

"முழிச்சிருக்கேன் மொதலாளி."

ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டால் இருபது பேருக்கும் இதே பதில்தான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவார். பஸ்ஸில் அவரைக் காப்பாற்றுவதற்கென்றே நல்லவர்கள் ஏறுவார்கள். ஒரு சாயங்காலம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஐயா, எந்திரிங்க, எந்திரிங்க! புத்தூர் வந்துருச்சு. இப்படித் தூங்கினா மதுரைக்கில்லா போயிருவிய!" என்று பதறி, பையை எடுத்துக் கையில் கொடுத்து, கைத்தாங்கலாக இறக்கியும் விட்டுவிட்டார். இறங்கிப் பார்த்தால் ஊருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கிறது. நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார் அண்ணாச்சி.

"சொல்ல வேண்டியதுதானே, நான் எறங்குற எடம் இதில்லன்னு?" என்றேன் மறுநாள்.

"அந்த மனுசன் எம்புட்டுப் பிரியமா எழுப்பினாரு தெரியுமா தம்பி? அவரு மொகத்தப் பாத்தா மறுக்கத் தோணல."

இன்னொரு நாள் வீட்டுப் பக்கத்து வைத்தியநாத சுவாமி கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்தபடி, வாசலில் விட்ட செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இவர் தியானத்தில் இருப்பதாக முடிவு கட்டி, குழந்தையை அவர் காலடியில் கிடத்தி எடுத்து, பக்கத்தில் ரெண்டு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனது. ஆசி கொடுத்தீர்களா என்று கேட்டோம். "கண்ணைத் தொறந்தா பிள்ள பயந்துருமேன்னு இருந்துட்டேன்" என்று சொல்லி, கொண்டுவந்திருந்த பழத்தில் ஒன்றை எனக்கு உரித்துக் கொடுத்தார்.

எதற்கும் கோபப்பட மாட்டார். யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே அந்த ஒற்றைப் பதிலைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரே ஒருத்தி கேட்டால் மட்டும் முகம் விழுந்துவிடும். அவருடைய மகள் கோமதி.

கோமதி நியூசிலாந்தில் இருந்தாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை. நமக்கு மத்தியானம் மூன்று மணி ஆகும்போது அவளுக்கு அங்கே வேலையெல்லாம் முடிந்திருக்கும். அப்போதுதான் வீடியோ கால் வரும். அண்ணாச்சிக்கு மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் பேச ஆள் கிடையாது. மூன்று மணி நெருங்க நெருங்க அவர் மேஜையில் ஒரு பரபரப்பு தெரியும். சட்டைக் காலரை இழுத்து விடுவார். தலையைப் படிய வாருவார். தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமுவார். போன் அடித்ததும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லு தாயி" என்பார்.

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, மழையா வெயிலா என்று ஆரம்பிக்கும். இவர் உள்ளூர்க் கதை ஒன்றை எடுத்து, பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

"என்னப்பா, தூக்கம் வருதா?"

"இல்லம்மா, முழிச்சிருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. கண்ணு சொருகுது. செத்த நேரம் தலையச் சாய்ங்க. நாளைக்குக் கூப்பிடுதேன்."

போன் அணைந்துவிடும். கருப்பாகிப்போன திரையைப் பார்த்து, "முழிச்சிருக்கேன்மா" என்று இன்னொரு தடவை சொல்வார். பிறகு மிச்சக் கதையை எங்களிடம் சொல்லி முடிப்பார். அங்கே ஒரு இல்லம் நிறையத் தாத்தாக்களைப் படுக்க வைத்துவிட்டு வருகிறவள், கடைசியில் இவரையும் படுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்வாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு சாயங்காலம் வரைக்கும் குரல் கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

அந்த இமையைத் தூக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மூன்று மணிக்கு முன்னால் சுக்குக் காபி குடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிப் புருவத்தோடு இமையை மேலே இழுத்து வைத்துப் பேசிப் பார்த்தார். "என்னப்பா, எம் மேல கோவமா?" என்றாள் கோமதி.

கடைசியில் ஒரு நாள் பிளாஸ்திரியில் இறங்கினார். கம்பெனியில் பஞ்சமில்லாத சாமான். தோல் நிறத்துப் பிளாஸ்திரியை மெல்லிசாகக் கத்தரித்து, ரெண்டு இமையையும் மேலே ஏற்றி ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திறந்த கண்ணோடு அவரைப் பார்த்தது எங்களுக்கே பயமாக இருந்தது. யாரோ வேற்று ஆள் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல.

போன் வந்தது. கோமதி முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பா, இன்னைக்கி ஆளே தெளிச்சியா இருக்கிய!" என்றாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகத்தில் நெற்றி வேர்த்தது. வேர்வையில் இடது பக்கத்துப் பிளாஸ்திரி விட்டுக்கொண்டது. வலது கண் விழித்திருக்க, இடது இமை மட்டும் மெதுவாக, ரொம்ப மெதுவாக, கீழே இறங்கியது.

கோமதி அலறினாள். "அப்பா! சிரிங்க! சிரிங்கப்பா, வாய் கோணுதான்னு பாக்கணும்! ரெண்டு கையையும் தூக்குங்க!"

முகத்தில் ஒரு பக்கம் இறங்கினால் பக்கவாதமாக இருக்கும் என்று அந்த வேலையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு ரெண்டு கையையும் மேலே தூக்கினார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த முதலாளி, கணக்குப் பிள்ளை உட்பட எல்லாரும் எழுந்து நிற்பதையும், டெஸ்பாட்ச் மனிதர் போலீசிடம் பிடிபட்டவர்போலக் கையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு கோமதி வெகுநேரம் போனை வைக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நிச்சயமாகும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். வைத்த பிறகு அண்ணாச்சி, மிச்சமிருந்த ஒரு பிளாஸ்திரியோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தம்பி? கண்ணு நல்லாத் தெரிஞ்சா எம்புட்டு நேரம் பேசுதா!"

அவள் பேசினது பயத்தினால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட ஒரு ஆள் வேண்டும் என்றதால் என்னைக் கூட்டிப்போனார். டாக்டர் இளம்பெண். இமையைத் தூக்கிப் பார்த்து, விட்டுப் பார்த்து, பக்கவாட்டில் பார்த்து, "பார்வையை இது மறைக்கலையே ஐயா. தோல்தான் தொங்குது. ஆபரேஷன் செஞ்சா அது அழகுக்குச் செய்யுறதாத்தான் ஆகும். அவசியமா வேணுமா?" என்றார்.

"ஆமம்மா. அழகுக்குத்தான்" என்றார் அண்ணாச்சி. பக்கத்திலிருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். மேல் இமையில் இயற்கையாகவே ஒரு மடிப்பு உண்டு. அந்த மடிப்பிலேயே வெட்டி, மிஞ்சின தோலை எடுத்துவிட்டுத் தைப்பார்கள். கொஞ்ச நாள் வீங்கிக் கன்றிப் போயிருக்கும். தழும்பு முதலில் சிவந்து, லேசாகத் தடித்துத் தெரியும். போகப்போக வெளுத்து, மடிப்புக்குள் மறைந்துவிடும். அதற்கு மாசக்கணக்காகும், அவசரப்படக் கூடாது. "ஆனா ஒண்ணு ஐயா. இதைச் செஞ்சா வயசு குறைஞ்சிரும்னு நெனச்சுராதீங்க."

"வயசு கொறைய வேண்டாம் தாயி. முழிச்சிருக்க மாதிரி தெரிஞ்சாப் போதும்."

லீவு கேட்ட இடத்தில்தான் ஊர் வாய் திறந்தது. அண்ணாச்சிக்குப் பொய் சொல்ல வராது. என்ன ஆபரேஷன் என்று முதலாளி கேட்டதற்கு, "அழகு ஆபரேஷன் மொதலாளி" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்க அவருக்கு ரெண்டாம் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. பேக்கிங் செக்ஷனில் எல்லாரையும் மேய்க்கும் சரோஜாக்கா நேராக வந்து நின்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அதிர்ச்சி என்றால் மட்டும் தெலுங்கு வெளியே வரும்.

"தேவுடா! சொல்லாமக் கொள்ளாம இது என்ன அண்ணாச்சி? பொண்ணு எந்த ஊரு? சுந்தரபாண்டியமா, கான்சாபுரமா?"

"பொண்ணு நியூசிலாந்து" என்றார் அண்ணாச்சி, மகளை நினைத்துக்கொண்டு.

சரோஜாக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வது. ஆள் விழிப்போடுதான் இருக்க வேண்டும். உள்ளே நடந்ததை டாக்டரே பிறகு சொன்னார். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாராம். டாக்டருக்குச் சந்தேகம் வந்து, "ஐயா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இமையை அறுத்துக்கொண்டிருக்கும்போது அதற்குக் கீழிருந்து, "முழிச்சிருக்கேம்மா" என்று பதில் வந்ததாம். கத்தியை ஒரு கணம் எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, சிரிப்பில் கை ஆடிவிடக் கூடாதே என்று.

வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கண்ணில் ஒற்றடம் கொடுக்க ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம சரக்கில்லையே தம்பி. ஓரம் பிசிறுது."

"அண்ணாச்சி, பேசாமப் படுங்க."

"படுக்கக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்கு!"

அதுவும் உண்மை. வீக்கம் வடிய, தலை உயர்ந்தே இருக்க வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எது வந்தாலும் கண்ணைக் கசக்கக் கூடாது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து, ரெண்டு கண்ணிலும் ஐஸ் பிடித்துக்கொண்டு அவர் கிடந்த கோலம், தோற்றுப்போன ராஜா மாதிரி இருந்தது.

கன்றிப்போன நிறம் கத்தரிக்காயில் தொடங்கி, புடலங்காய்க்கு வந்து, எலுமிச்சம்பழத்தில் முடிந்தது. கத்தரிக்காய்ப் பருவத்தில் அவரை ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, "யாரு அடிச்சா? பொண்ணு வீட்டுக்காரனுவளா?" என்று ரகசியமாகக் கேட்டார். கல்யாணச் செய்தி எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி மடவார் வளாகம் வந்து சேர்ந்திருக்கிறது.

தையல் பிரித்த பிறகும் சில நாள் இமை முழுசாக மூடவில்லை. தூங்கும்போதும் இடுக்கில் விழி வெள்ளை ஒரு கோடாகத் தெரியும். சரோஜாக்கா பார்க்க வந்தாள். அவர் விழித்திருப்பதாக நினைத்து எதிரே உட்கார்ந்து, தன் மாமியார் கதை, நாத்தனார் கதை, நகை அடகுக் கதை எல்லாம் கண்கலங்கச் சொல்லி முடித்தாள். "இம்புட்டுப் பொறுமையா யாரு கேக்கா, சொல்லுங்க" என்று மூக்கைச் சிந்தியபோதுதான் அண்ணாச்சியின் குறட்டை கேட்டது.

வாழ்நாள் முழுக்க விழித்திருந்தபோது தூங்கினார் என்றார்கள். இப்போது தூங்கினால் விழித்திருக்கிறார் என்கிறார்கள். அவருக்கு இதில் ரொம்பப் பெருமை.

ஆனால் கோமதிக்கு எதுவும் தெரியாது. நிறமெல்லாம் மாறி, தழும்பும் மறைந்த பிறகு, திடீரென்று ஒரு நாள் திறந்த கண்ணோடு அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் திட்டம். அதுவரைக்கும் போனில் கேமரா ரிப்பேர் என்று என்னைத்தான் சொல்ல வைத்தார். அதனால் குரல் மட்டும்தான். கையில் ஐஸ் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார்.

அப்போதுதான் அது நடக்க ஆரம்பித்தது. கோமதி போனை வைக்கவே இல்லை.

முதல் நாள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். மறுநாள் அவள் தங்கியிருந்த தெருவைப் பற்றி. சாயங்காலம் ஆனால் தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது என்றாள். காய்கறிக்காரர் சத்தமோ, ஒரு வீட்டு டிவி சத்தமோ காதில் விழாது என்றாள். இல்லத்தில் ஒரு கிழவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டே இறந்துபோனதைச் சொன்னாள். இடையிடையே, "அப்பா, கேக்கியளா?" என்பாள். "கேக்கேன் தாயி, சொல்லு" என்பார் இவர். ஐஸ் கரைந்து சட்டையெல்லாம் நனைந்திருக்கும். எடுத்து வைக்கத் தோன்றாது அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கோமதி பேசிக்கொண்டே வந்தவள், கொஞ்சம் நிறுத்தினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? கேமரா ரிப்பேரானதும் நல்லதாப் போச்சு."

"ஏன் தாயி?"

"ஒங்க மொகத்தப் பாத்தா எனக்குத் தாங்காதுப்பா. அம்மா போன அன்னைக்கி நீங்க செவுத்தோரமா ஒக்காந்திருந்ததுதான் கண்ணு முன்னால வரும். அழுக முட்டிக்கிட்டு வந்துரும். நான் அழுதா, அம்புட்டுத் தொலவுல ஒத்தையில இருந்துக்கிட்டு நீங்க என்ன செய்விய? அதான் தூக்கம் வருது, படுங்கன்னு சொல்லி வச்சிருவேன். வச்சிட்டுத்தான் அழுவேன்."

அண்ணாச்சியின் முகத்தில் தண்ணீர் வழிந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் அல்லவா? துடைத்துக்கொள்ளவும் முடியாமல், ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு துண்டு துணியை எடுத்துக் கன்னத்தில் மட்டும் ஒற்றி எடுத்தேன்.

"அப்பா? இருக்கியளா? தூங்கிட்டியளா?"

"இருக்கேன் தாயி. சொல்லு. நீ பேசு."

பேசி முடித்ததும் போனை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "அவளுக்கு எம் மொகம்னா அந்தக் கண்ணுதான் தம்பி. பாக்க முடியாம அவ போனை வச்சாலும், அவ அப்பன் கண்ணு அதுதான். வெட்டி எறிஞ்சிட்டேனே. இப்ப இந்த மூஞ்சியக் கொண்டுபோய்க் காட்டினா, யாருன்னுல்லா கேப்பா?"

அவருக்கு ஆறுதலாக என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு வேலைக்கு வந்தார். வெயில் பட்டால் தழும்பு கருத்துவிடும் என்பதால் முகத்தில் பாதியை மறைக்கும் பெரிய கூலிங் கிளாஸ் ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள். மடிப்பில் ரெண்டு சிவப்புக் கோடு, செங்கல்லில் கீறினதுபோலத் தடித்து நின்றது. டாக்டர் கொடுத்த களிம்பைக் காலையும் மாலையும் பூசினார். கோடு மறைந்தால் பழைய முகம் கொஞ்சமாவது திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. கைக்கண்ணாடியோடு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்பார். எதிரே வருகிறவரிடமெல்லாம் கூலிங் கிளாசைத் தூக்கிக் காட்டி, "கோடு தெரியுதா?" என்பார்.

டீக்கடைக்காரரிடம் கேட்டார். லாரி டிரைவரிடம் கேட்டார். சில்லறை கேட்ட கண்டக்டரிடம் கேட்டார். "தெரியல அண்ணாச்சி" என்றால், "பொய் சொல்லுத. நல்லாப் பாரு" என்பார். "லேசாத் தெரியுது" என்றால் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது. சரோஜாக்கா தன் மகளின் பவுடரைக் கொண்டுவந்து பூசிவிட்டாள். கோட்டை மறைத்தது, ஆனால் இமை ரெண்டும் மாவு மில்லிலிருந்து வந்ததுபோல இருந்தது.

கோமதிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. எந்தக் கேமராவும் இத்தனை காலம் ரிப்பேரில் கிடக்காது. ஒரு நாள், "லீவு போட்டுட்டேன். டிக்கெட்டும் எடுத்தாச்சு. நான் வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வருஷக்கணக்காக அந்த வார்த்தைக்கு ஏங்கிக்கிடந்தவர், அதைக் கேட்டதும் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு என்னையும் கூட்டிப்போனார். காலை நேரம். ரயில் வருவதற்குள் கூலிங் கிளாசைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "கோடு தெரியுதா?" என்று போர்ட்டரிடம் வேறு கேட்டுவிட்டார். ரயில் வந்து நின்றது. கோமதி இறங்கினாள். மெலிந்திருந்தாள். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"கண்ணாடியக் கழத்துங்கப்பா."

"வெயிலு தாயி. டாக்டரம்மா சொல்லிருக்காவ."

"எந்த டாக்டரு?"

அவர் அசையவில்லை. அவளே கையை நீட்டிக் கழற்றினாள். வாதம், பார்வை போய்விட்டது என்று என்னென்னவோ நினைத்துப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள். பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. "என்னப்பா இது, முழி முழின்னு முழிக்கிய?" என்றாள். பிறகு அந்தக் கோடு கண்ணில் பட்டது. பெருவிரலால் மெதுவாகத் தடவினாள், ஒரு இமையை, அப்புறம் இன்னொன்றை.

"வலிச்சுதாப்பா?"

"ஊசி போடும்போது மட்டும்."

"எதுக்குப்பா இதெல்லாம்?"

அண்ணாச்சிக்குப் பொய் வராது என்று சொன்னேனே. "தூக்கம்னு நெனச்சு நீ வச்சிருதியேன்னுதான். செத்த நேரம் கூடப் பேசுவன்னு" என்றார்.

கோமதி அழுதாள். போன் இல்லை, அணைப்பதற்குப் பட்டனும் இல்லை. ரயில் கிளம்பிப் போனது, டீக்காரர் போனார், பிளாட்பாரம் காலியானது, அவள் நிற்காமல் அழுதாள். தொலைவில் தனியாக இருந்துகொண்டு அப்பா என்ன செய்வார் என்று பயந்தாளே, அவர் பக்கத்தில் நின்று செய்தது இதுதான்: வேட்டித் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அவள் இருந்த நாட்களில் களிம்பு பூசும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். சாயங்காலமானால் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, விரல் நுனியில் எடுத்து, கோட்டின்மேல் மெல்ல நீவிவிடுவாள். கோடு சிவப்பிலிருந்து ரோஜா நிறத்துக்கு வந்தது. இன்னும் வெளுத்தது. லீவு முடிந்து கோமதி நியூசிலாந்துக்குத் திரும்பிப் போனாள். இப்போதும் மூன்று மணிக்குப் போன் வரும், முகம் தெரியத்தான் பேசுவார்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுத் தொடர்ந்து பேசுவாள். இவரும் வைக்க மாட்டார்.

அவள் போன சில மாசத்தில், டாக்டர் சொன்னபடியே தழும்பு மடிப்புக்குள் மறைந்துபோனது. அண்ணாச்சி மறுபடியும் கைக்கண்ணாடியும் ஜன்னலுமாக நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

"கோடு தெரியுதா தம்பி?"

"சுத்தமாத் தெரியல அண்ணாச்சி" என்றேன், சந்தோஷப்படுவார் என்று.

"நல்லாப் பாரு. எங்கயாவது கொஞ்சம் இருக்கும். அவ நீவிவிட்ட எடம்."

நான் எழுந்து, அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நிஜமாகவே தேடினேன். வலது இமையின் ஓரத்தில், முடி கனத்துக்கு ஒரு வெளிறிய கோடு இருந்தது. இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நான் அந்த வேலையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சியும் ரிட்டையர் ஆகிவிட்டார். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மடவார் வளாகத்துக்குப் போய்விடுகிறேன். போகும்போது ஏதாவது ஒரு வேலையைச் சாக்காகச் சொல்வேன். வந்த வேலை என்ன ஆச்சு என்று அவர் கேட்டதே இல்லை. வயதுக்கு ஏற்றபடி இமை மறுபடி லேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். அவர் பேசுவார், நான் கேட்பேன். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஜன்னலோர இடமாகப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. கேட்கிறவர்களிடம், இருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.